ஃபிளமெங்கோவும் பாப் இசையும்: யார் யாரிடமிருந்து எடுத்தார்கள்?

கேள்வி இது: ஜிப்சி கிங்ஸ் பாடல்களும் ரோசலியாவின் பாடல்களும் பிடித்திருக்கின்றன, ஆனால் இவையெல்லாம் தென் ஸ்பெயினின் ஆந்தலூசியாவில் பிறந்த இசையான ஃபிளமெங்கோவே அல்ல என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். ஃபிளமெங்கோ கலைஞர்களுக்கும் பாப் இசைக்கும் உண்மையில் என்ன உறவு? எதிலிருந்து கேட்கத் தொடங்குவது?

அப்படி அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜிப்சி கிங்ஸையும் ரோசலியாவையும் ஒரே கூடையில் போடவும் முடியாது. முன்னவர்கள் ஃபிளமெங்கோ குடும்பத்தின் மிக எளிய கிளையான ரும்பாவை வாசிப்பவர்கள். ரோசலியா, ஃபிளமெங்கோ பாட்டான ‘காந்தே’யை ஆசிரியரிடம் ஆண்டுக்கணக்கில் கற்று, பிறகு பாப் இசைக்குள் நுழைந்தவர். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் போதும். அது தாளம்.

ஃபிளமெங்கோவில் தாளச் சுழற்சியைக் ‘கொம்பாஸ்’ என்கிறார்கள். சொலெயா, புலேரியா போன்ற முக்கிய வடிவங்கள் பன்னிரண்டு எண்ணிக்கையில் சுழல்கின்றன. எண்ணிப் பாருங்கள்: 12, 1, 2, 3, 4, 5, 6, 7, 8, 9, 10, 11. இதில் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். அதாவது மூன்று, மூன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. இதைக் கைத்தட்டலால் பிடித்து நிறுத்துவதே ஒரு தனிக் கலை. அதற்கென்றே மேடையில் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். பாப் இசையோ நான்கில் நடப்பது. டிரம்ஸ், வானொலி, நடன அரங்கு எல்லாமே நான்கை எதிர்பார்க்கின்றன. எனவே ஃபிளமெங்கோ வெளியே போகும்போது, ஏற்கெனவே நான்கில் இருக்கும் ரும்பாவும் தாங்கோஸும்தான் முதலில் போயின. (அர்ஜென்டினாவின் டேங்கோ வேறு, இது வேறு.) பன்னிரண்டை உள்ளே கொண்டுபோனவர்கள் மிகச் சிலர். என் மனத்துக்கு நெருக்கமானவர்கள் அவர்களே.

சுர அமைப்பிலும் ஒரு குறிப்பு. ஏ மைனர், ஜி, எஃப், இ என்று நான்கு கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டுகள்) படியிறங்குவதை ஆந்தலூசிய இறக்கம் என்பார்கள். ரே சார்ல்ஸின் ‘ஹிட் த ரோட் ஜேக்’ இதே படிகளில் இறங்குகிறது. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் ‘சுல்தான்ஸ் ஆஃப் ஸ்விங்’ பாடலிலும் இது இருக்கிறது. ஆனால் அந்தப் பாடல்களுக்கு முதல் கார்டுதான் வீடு. கடைசி கார்டிலிருந்து அங்கே திரும்பிவிடுகிறார்கள். ஃபிளமெங்கோவிலோ இறங்கி நிற்கும் அந்த நான்காவது கார்டே வீடு. அந்தச் சுரத்தை ஷட்ஜமாக வைத்துப் பார்த்தால் கிடைப்பது ஏறக்குறைய நம் ஹனுமத்தோடி. அந்தக் கார்டுக்குள் அந்தர காந்தாரம் வந்து உட்காரும்போது வகுளாபரணத்தின் நிழல் விழுகிறது. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு ஃபிளமெங்கோ அந்நியமாகத் தோன்றாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

கலப்படம் என்ற புகாருக்கு வருகிறேன். ஃபிளமெங்கோ ஒருகாலத்தில் சந்தையே அறியாத தூய கலையாக இருந்தது, பிறகு பாப் வந்து கெடுத்தது என்ற கதை வரலாற்றோடு பொருந்தவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே செவில்லா போன்ற நகரங்களில் ‘கஃபே காந்தாந்தே’ எனப்பட்ட அரங்குகளில், காசு கொடுத்து வந்தவர்களின் முன்னால்தான் இந்தக் கலை தன் மேடை வடிவத்தை அடைந்தது. ஆந்தலூசியாவின் ஹிதானோக்கள், அதாவது ஸ்பெயினின் ரோமா மக்கள், அதன் உயிர்நாடி. பாடியும் வாசித்தும் பிழைத்தவர்கள். 1922இல் கிரனாதாவில், வணிகம் இந்தப் பாட்டைச் சீரழிக்கிறது என்று கவலைப்பட்ட இசையமைப்பாளர் மனுவேல் தெ ஃபாயாவும் இளங்கவிஞர் லோர்காவும் ஒரு போட்டி நடத்தினார்கள். 21 வயதைத் தாண்டிய தொழில்முறைப் பாடகர்களுக்கு அதில் இடமில்லை. பரிசு பெற்றவர்களில் ஒருவன் 12 வயதுச் சிறுவன், மனோலோ கரக்கோல். அந்தச் சிறுவன் வளர்ந்து 1940களில் பாடகியும் நடனக் கலைஞருமான லோலா ஃபுளோரெஸுடன் சேர்ந்து, வாத்தியக் குழு முழங்க நாடெங்கும் கூட்டத்தை இழுத்த மேடைக் காட்சிகளில் பாடினார். அவர் குரலின் ஆழத்தை இன்றுவரை எவரும் மறுத்ததில்லை.

பாப் இசையுடன் முழுமையாகக் கைகோத்த முதல் கிளை பார்சலோனாவில் முளைத்தது. அங்கிருந்த ஹிதானோ குடியிருப்புகளில் 1950களில் கியூப இசையும் ராக் அண்ட் ரோலும் ஃபிளமெங்கோ ரும்பாவோடு கலந்து கத்தலான் ரும்பா உருவானது. அதன் நட்சத்திரம் பெரெத். கிதாரின் தந்திகளை வாரி அடிக்கும் அதே கையால் அதன் பலகையையும் தட்டி, ஒரே வாத்தியத்தைத் தாள வாத்தியமாகவும் ஆக்கும் முறைக்கு ‘வெந்திலதோர்’ என்று பெயர். 1971இல் அவருடைய ‘பொர்ரிகித்தோ’ ஐரோப்பாவெங்கும் ஒலித்தது. 1974இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாடல் போட்டியில் ஸ்பெயினுக்காகப் பாடினார். 1982இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு மதபோதகரானவர், 1992இல் பார்சலோனா ஒலிம்பிக்கின் நிறைவு விழா மேடையில் மீண்டும் கிதாரோடு நின்றார்.

ஜிப்சி கிங்ஸ் இந்தக் கிளையின் உறவினர்கள். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது வெளியேறிய ஹிதானோ குடும்பங்களின் வாரிசுகள் அவர்கள். தென் பிரான்சின் ஆர்ல், மோன்பெலியே நகரங்களைச் சேர்ந்த ரேயெஸ், பலியார்தோ குடும்பத்தினர். 1987இல் வந்த ‘பம்போலேயோ’வின் ஒரு பகுதி வெனிசுவேலாவின் சிமோன் தியாஸ் எழுதிய பாடலிலிருந்து வந்தது. எனவே அந்தப் பாடல் பிரெஞ்சு மண்ணில் பிறந்த ஹிதானோக்கள், தென்னமெரிக்க மெட்டைக் கொண்டு, கத்தலான் பாணித் தாளத்தில் பாடியது. செவில்லாவிலோ ஹெரெஸிலோ கேட்டால் இதைக் காந்தே என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனால் அதை வைத்து அந்த இசைக்குழுவைப் போலி என்பது தவறு. அவர்கள் குடும்ப விழாக்களில் வாசித்ததைத்தான் மேடையிலும் வாசித்தார்கள்.

அடுத்து பாக்கோ தெ லூசியா. 1947இல் அல்ஹெசிராஸ் துறைமுக நகரில் பிறந்தவர், 2014இல் மெக்சிகோவில் மறைந்தார். ஃபிளமெங்கோ கிதாரின் வரலாறு அவருக்கு முன், அவருக்குப் பின் என்று பிரிகிறது. இதில் மிகை இல்லை. 1973இல் அவர் வெளியிட்ட ஓர் ஆல்பத்தில் ‘எந்த்ரே தோஸ் அகுவாஸ்’ என்ற ரும்பா, பேஸ் கிதாரும் பாங்கோவும் துணையிருக்க, கிட்டத்தட்டக் கற்பனையின் போக்கிலேயே வாசிக்கப்பட்டது. பாட்டே இல்லாத அந்தக் கிதார் துண்டு ஸ்பெயினின் விற்பனைப் பட்டியலில் ஏறியது. பாக்கோவை நாடறிந்த பெயராக்கியது அதுதான்.

அவருடைய சொலெயாக்களுக்கு ஈடாக அந்த ரும்பாவை நான் வைக்க மாட்டேன். ஆனால் அது திறந்துவிட்ட கதவு பெரியது. ஜாஸ் ஃபியூஷன் கலைஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். சக்தி குழுவில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் வாசித்துவிட்டு வந்த கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், இன்னொரு கிதார் கலைஞர் அல் டி மியோலா, பாக்கோ ஆகிய மூவரும் 1980 டிசம்பரில் சான்பிரான்சிஸ்கோவில் வாசித்ததன் ஒலிப்பதிவு உலகெங்கும் விற்றது. கொம்பாஸுக்குள் பிறந்து வளர்ந்த பாக்கோவுக்கு ஜாஸ் பாணியில் கார்டுகளின் மீது கற்பனை செய்யும் பழக்கம் இல்லை. அந்த நாட்களில் தலைவலியும் முதுகுவலியும் தன்னை வாட்டியதாகப் பிற்காலத்தில் சொன்னார். அந்த வலியின் பலனை அவருடைய பிந்தைய ஆல்பங்களின் கார்டுகளில் கேட்கலாம். 1995இல் பிரையன் ஆடம்ஸ் பாடி அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘ஹேவ் யூ எவர் ரியலி லவ்ட் அ வுமன்’ பாடலில் கேட்கும் கிதார் அவருடையதுதான். கோடிக்கணக்கானவர்கள் பெயர் தெரியாமலே அவரைக் கேட்டிருக்கிறார்கள்.

அவர் பாப் இசைக்குத் தந்த இன்னொரு பொருளும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் பெரு நாட்டுக்குப் போனபோது, ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள் உட்கார்ந்து தட்டி வாசிக்கும் ‘கஹோன்’ என்ற மரப்பெட்டியைக் கண்டு கையோடு ஸ்பெயினுக்குக் கொண்டுவந்தார். அவருடைய குழுவில் இருந்த பிரேசில் கலைஞர் ருபெம் தந்தாஸ் அதை ஃபிளமெங்கோவில் நிலைநிறுத்தினார். சில ஆண்டுகளில் அது இல்லாத ஃபிளமெங்கோ மேடையே அரிதாகிவிட்டது. அங்கிருந்து உலகின் அக்கூஸ்டிக் பாப் மேடைகளுக்கெல்லாம் பரவியது. இன்று சென்னையில் சிறிய அரங்குகளில் டிரம்ஸுக்குப் பதிலாக வைக்கப்படும் பெட்டியும் அதுவே.

இனி செவில்லா. என்னைக் கேட்டால் இந்த முழுக் கதையின் நடுப்பகுதி இங்கேதான் இருக்கிறது. 1953 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆந்தலூசியாவில் ரோத்தா, மொரோன் ஆகிய இடங்களில் அமெரிக்கப் படைத்தளங்கள் வந்தன. அவற்றின் வழியாக ராக், புளூஸ் இசைத்தட்டுகள் உள்ளூர் இளைஞர் கைக்கு வந்தன. எதிர்த் திசையிலும் போக்குவரத்து நடந்தது. மொரோனில் வாழ்ந்த தியேகோ தெல் காஸ்தோர் என்ற கிதார் கலைஞரிடம் கற்க அமெரிக்க இளைஞர்கள் வந்து குவிந்தார்கள். 1975இல் த்ரியானா என்ற ராக் குழுவின் முதல் ஆல்பம் வந்தது. 1977இல் கிக்கோ வெனேனோவும், ரைமுந்தோ, ரஃபாயேல் அமதோர் என்ற ஹிதானோ சகோதரர்களும் சேர்ந்து வெனேனோ என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம் போட்டார்கள். அப்போது அதை வாங்கியவர்கள் குறைவு. இன்று ஸ்பானிய ராக் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு.

இந்த வட்டத்துக்குள்தான் கமரோன் தெ லா இஸ்லா வந்தார். இயற்பெயர் ஹோசே மோன்ஹே குரூஸ். 1950இல் காதிஸ் அருகே சான் ஃபெர்னாந்தோவில், இரும்பு வேலை செய்யும் ஹிதானோ குடும்பத்தில் பிறந்தவர். 1969 முதல் 1977 வரை பாக்கோவுடன் ஒன்பது ஆல்பங்கள் பாடி, காந்தேயின் உச்சியில் இருந்தார். 1979இல் தயாரிப்பாளர் ரிக்கார்தோ பச்சோனுடன் சேர்ந்து ‘லா லெயெந்தா தெல் தியெம்போ’ என்ற ஆல்பத்தைப் பதிவுசெய்தார். உறையில் அவர் பெயர் வெறும் ‘கமரோன்’ என்று மட்டும் இருந்தது. பாக்கோ இல்லை, இருபதே வயதான தொமாத்தித்தோ கிதாரில் இருந்தார். டிரம்ஸ், மின் பேஸ், கீபோர்டு எல்லாம் உண்டு. வரிகளில் பல லோர்காவுடையவை. கிக்கோ வெனேனோ எழுதிய ஒரு ரும்பாவும் உண்டு. கடைசித் தாலாட்டில் செவில்லா ராக் கலைஞர் குவால்பெர்த்தோ சிதார் வாசிக்கிறார்.

ராக் வாத்தியங்கள் வந்துவிட்டன என்பது பெரிதல்ல. அது வேறு பலரும் செய்ததே. ஆல்பத்தின் தலைப்புப் பாடலைக் கேளுங்கள். டிரம்ஸும் பேஸும் வழக்கமான நான்கை விட்டுவிட்டுப் புலேரியாவின் பன்னிரண்டில் ஓடுகின்றன. கமரோன் ஓர் இழை கூட விட்டுக்கொடுக்காமல், விழாவில் உறவினர் நடுவே பாடுவதைப் போலவே பாடுகிறார். ராக் குழு அவர் வீட்டுக்கு வந்து அவர் விதிகளுக்கு உட்பட்டு வாசிக்கிறது. இதற்கு முன் இப்படி ஒன்று நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஆல்பம் விற்கவில்லை, சில ஆயிரம் படிகள்தான் போயின. வாங்கிய ஹிதானோக்கள் சிலர் இது எங்கள் கமரோன் அல்ல என்று கடையில் திருப்பிக் கொடுத்த கதை ஸ்பெயினில் இன்றும் சொல்லப்படுகிறது. 1981இல் அவர் பாக்கோவிடம் திரும்பினார். 1989இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவோடு பதிவான ‘சோய் ஹிதானோ’ நன்றாக விற்றது. 1992 ஜூலையில், 41 வயதில், புற்றுநோயால் இறந்தார். 1979இல் திருப்பிக் கொடுக்கப்பட்ட அந்த ஆல்பம் இல்லாமல் பின்னால் வந்த எதையும் விளக்க முடியாது: அமதோர் சகோதரர்களின் பத்தா நெக்ரா குழு 1987இல் கொண்டுவந்த புளூஸ் புலேரியாக்கள், மாலியின் தூமானி தியாபாத்தேயுடன் கெத்தாமா குழு 1988இல் செய்த ‘சோங்காய்’ எல்லாம் அந்தக் கதவின் வழியே வந்தவை.

மேற்கத்திய பாப் ஃபிளமெங்கோவிடம் எடுத்துக்கொண்டது பெரும்பாலும் நிறம் மட்டுமே. த டோர்ஸ் குழுவின் ராபி கிரீகர் இளமையில் ஃபிளமெங்கோ கிதார் படித்தவர், பிக் இல்லாமல் விரல்களால் வாசித்தவர். ஆனால் 1968இல் வந்த அவர்களுடைய ‘ஸ்பானிஷ் கேரவன்’ ஸ்பானிய இசையமைப்பாளர் அல்பெனிஸ் பியானோவுக்காக எழுதிய துண்டிலிருந்து பிறந்தது. 1991இல் குவீன் குழுவின் ‘இன்யுவெண்டோ’ நடுவே சீறி வரும் ஸ்பானிய கிதார், யெஸ் குழுவின் ஆங்கிலேயர் ஸ்டீவ் ஹோவுடையது. அருமையான வாசிப்பு. ஆனால் அங்கே ஃபிளமெங்கோ கலைஞர் யாரும் இல்லை. உண்மையான கலைஞர் ஒருவர் உள்ளே இருக்கும்போது வித்தியாசம் உடனே தெரிகிறது. 1997இல் ஸ்பெயினின் தென்கோடியில் தங்கி ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்த ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க், ரைமுந்தோ அமதோரோடு ‘சோ புரோக்கன்’ பாடினார். அவரது குரல் கிதாரின் மூச்சுக்குக் காத்திருப்பதும் கிதார் அவர் குரலுக்கு வழிவிடுவதும் கேட்கும். 2003இல் ஸ்டிங்கின் பாடலுக்கு ஃபிளமெங்கோ கிதார் கலைஞர் விசெந்தே அமிகோ வாசித்ததும் நல்ல பணிதான், ஆனால் அங்கே அவர் விருந்தாளி மட்டுமே.

கனடாப் பாடகர் லெனார்ட் கோஹனின் கதை வேறு. 2011இல் ஸ்பெயினின் ஓவியெதோ நகரில் அஸ்தூரியாஸ் இளவரசர் விருதைப் பெற்றபோது அவர் ஒரு கடனை நினைவுகூர்ந்தார். இளமையில் மான்ட்ரியலில், தாயார் வீட்டுக்கு அருகிலிருந்த பூங்காவில், கிதார் வாசித்துக்கொண்டிருந்த ஸ்பானிய இளைஞர் ஒருவரைச் சந்தித்துப் பாடம் கேட்டார். அவர் ஆறு கார்டுகளைக் கற்றுக்கொடுத்தார், ஃபிளமெங்கோவில் பயன்படுவன. மூன்று பாடங்கள் நடந்தன. நான்காம் நாள் அவர் வரவில்லை. தன் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆறு கார்டுகளே தன் எல்லாப் பாடல்களுக்கும் அடித்தளம் என்று கோஹன் அந்த மேடையில் சொன்னார். லோர்காவின் கவிதையில் ஊறி, தன் மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்தவர் அவர். லோர்காவின் வியன்னா வால்ட்ஸ் கவிதையை ஆங்கிலத்தில் பாடலாக்கியவரும் அவரே.

இப்போது கிரனாதாவைச் சேர்ந்த பாடகர் என்ரிக்கே மொரெந்தேயைப் பாருங்கள். 1996இல், லாகர்த்திஹா நிக் என்ற இரைச்சல் மிகுந்த ராக் குழுவுடன் ‘ஒமேகா’ என்ற ஆல்பத்தைச் செய்தார். லோர்காவின் நியூயார்க் கவிதைகளும் கோஹனின் பாடல்களும் அதில் பக்கம் பக்கமாக வருகின்றன. கோஹன் ஆங்கிலத்தில் பாடிய அதே வால்ட்ஸ், லோர்காவின் சொந்த ஊர்ப் பாடகரின் வாயில் மீண்டும் ஸ்பானியமாகிறது. தலைப்புப் பாடல் பத்து நிமிடத்துக்கும் மேல் நீளும். மணியோசை, குரல் கூட்டம், சிதறும் மின்கிதார், அவற்றின் மேல் மொரெந்தேயின் குரல். முதல் முறை கேட்கும்போது தாங்க முடியாமல் போகலாம். விட்டுவிட்டு இன்னொரு நாள் வாருங்கள். பழைய காந்தேயைப் பாடல் பாடலாகத் தேடிக் கற்ற மனிதர் இதைச் செய்தார் என்பது முக்கியம். மரபை அவ்வளவு அறிந்தவரால்தான் அதை அவ்வளவு தூரம் இழுக்க முடிந்தது. 2010 டிசம்பரில் மறைந்தார்.

ரோசலியாவை இந்த வரிசையில்தான் வைக்கிறேன். 1992இல் பிறந்தவர், பார்சலோனா அருகிலுள்ள சிற்றூர்க்காரர், ஹிதானோ அல்லர். எல் சிக்கி என்ற ஆசிரியரிடம் பல ஆண்டுகள் காந்தே கற்றார். 2017இல் ராவுல் ரெஃப்ரீயின் கிதார் மட்டும் துணையிருக்க, மரணத்தைப் பற்றிய பழைய பாடல்களைப் பாடி முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 2018இல் தயாரிப்பாளர் எல் கிஞ்சோவுடன் தயாரித்த ‘எல் மால் கெரெர்’ அவருடைய கல்லூரிப் பட்டப் பணியாகத் தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டு ஆக்சிதான் மொழிக் காதல் கதையை அத்தியாயங்களாகப் பாடுகிறது. அடுத்த ஆண்டு லத்தீன் கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற விருதை வென்றது. ‘மலமெந்தே’யில் கைத்தட்டலும் மின்னணுத் தாளமும் நான்கில் இணைகின்றன, புகழ்பெற்றது அதுதான். எனக்கு அதைவிட ‘தெ அக்கி நோ சாலெஸ்’ பெரியது. மோட்டார் சைக்கிள் இன்ஜின் உறுமல்களையே தாள வாத்தியமாக்கிப் புலேரியாவின் பன்னிரண்டுக்குள் அடுக்கியிருக்கிறார்கள். பாப் பாடல் ஒன்று கொம்பாஸுக்குக் கீழ்ப்படிவதை அங்கே கேட்கலாம்.

அவர்மீது ஹிதானோக்கள் வைத்த விமர்சனத்தைத் தள்ளிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. 1749இல் அரசாணையின்படி ஆயிரக்கணக்கில் சுற்றி வளைத்துச் சிறையிடப்பட்ட, இன்றும் பாகுபாட்டைச் சந்திக்கிற ஒரு மக்களின் உச்சரிப்பும் உடையும் அடையாளங்களும், வெளியிலிருந்து வரும் ஒருவருக்கு உலகப் புகழைத் தருகின்றன. அதே மக்களில் பிறந்த பாடகிக்கு அந்த ஒலிப்பதிவுச் செலவும் விளம்பரமும் கிடைப்பதில்லை. இது நியாயமான குறை. ஆனால் குற்றவாளி இசை நிறுவனங்களின் முதலீட்டுக் கணக்குதானே தவிர, உழைத்துக் கற்ற ஒரு பாடகி அல்லர் என்பது என் கருத்து. 2020இல் ஸ்பானிய ராப் பாடகர் சி. தங்கானா தன் வெற்றிப் பாடலில் ஃபிளமெங்கோ பாடகர்களான நீன்யோ தெ எல்ச்சேயையும் லா உங்காராவையும் பெயரோடு முன்னால் நிறுத்தியது எனக்குப் பிடித்ததற்கும் இதுவே காரணம்.

எங்கே தொடங்குவது? பாக்கோவின் ‘எந்த்ரே தோஸ் அகுவாஸ்’ எளிதில் காதில் நிற்கும். பிறகு கமரோனின் 1979 ஆல்பம், முழுதாக. அதன் தலைப்புப் பாடலையும் ரோசலியாவின் ‘தெ அக்கி நோ சாலெஸ்’ பாடலையும் அடுத்தடுத்துப் போட்டுப் பன்னிரண்டை எண்ணுங்கள். முதலில் குழம்பும், கைத்தட்டலை மட்டும் பின்தொடர்ந்தால் பிடிபடும். ‘ஒமேகா’வை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஃபிளமெங்கோவில் சொற்றொடர்கள் பெரும்பாலும் 10ஆம் எண்ணில் வந்து முடியும். அந்த 10 வருவதற்கு முன்பே உங்கள் கை அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டால், பாப்பை ஒருபுறம் வைத்துவிட்டு ஃபெர்னாந்தா தெ உத்ரேரா பாடிய சொலெயாக்களுக்குப் போங்கள்.